சளிமூக்கி பூத்த தேதி

மார்ச் 4

இது தாமரைச்செல்வி குடுத்த நோட்டு. தலைநகரத்துலேருந்து பூ ஆராய்ச்சிக்கு வந்திருக்கிற பொண்ணு. தினம் மூணே மூணு சங்கதி எழுதணுமாம். பனி எவ்வளவு, குளிர் எவ்வளவு, மொட்டு எத்தன. "வேற எதுவும் எழுத வேணாம் தாத்தா"ன்னு சொல்லிட்டுப் போனா. அஞ்சாங்கிளாஸ் படிச்சவன் கையில முழு நோட்டக் குடுத்துட்டு வேற எதுவும் எழுதாதன்னா எப்படி?

பனி: முழங்காலுக்கு ரெண்டு விரக்கட மேல. என் முழங்கால். சவரிமுத்து நின்னா அவனுக்கு இடுப்பு.

குளிர்: மீசை விறைச்சுப் போச்சு.

மொட்டு: இல்ல.

மார்ச் 5

படிச்சுட்டுத் திட்டினா. பனிய செண்டிமீட்டர்லதான் போடணுமாம். அளவுகோலும் தர்மாமீட்டரும் குடுத்திருக்கா.

பனி 58. குளிர் மைனஸ் 11. மொட்டு இல்ல. மீசை நேத்து மாதிரியேதான்.

மார்ச் 7

"இந்த நோட்ட தலைநகரத்துல பெரிய ஆளுங்க படிப்பாங்க தாத்தா, அவங்களுக்கு இந்த ஊரப் பத்தி ஒண்ணும் தெரியாது. விளங்குற மாதிரி எழுதுங்க"ன்னு இன்னைக்கு மாத்திச் சொல்றா. சரி. பெரிய ஆளுங்களே, கேட்டுக்கங்க.

இது கெல்வாரா நாடு. வருஷத்துல ஏழு மாசம் பனி, மிச்ச அஞ்சு மாசம் பனி வரப்போகுதுன்னு பயம். எங்க பூட்டன் காலத்துல ரயில் போட தமிழாளுங்களக் கப்பல்ல ஏத்தியாந்தாங்க. தண்டவாளம் போட்டு முடிச்சப்புறம் திருப்பிக் கொண்டுபோய் விடத்தான் கப்பல் கிடைக்கல. அதனால ரயில் கேட்டு இருந்த இடமெல்லாம் ஊராயிருச்சு. எங்க ஊரு பேரு ஏழாங்கேட்டு. முப்பத்திரெண்டு வீடு, ஒரு கோயில், ஒரு சர்ச்சு, ஒரு டீக்கடை. கூட்டம் எங்க ஜாஸ்தின்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நான் கொம்பையா. வயசு எழுபத்திநாலு. முப்பத்தெட்டு வருஷம் இந்தக் கேட்டத் திறந்து மூடினவன். கல்யாணம் கட்டல. பொண்ணு பாக்கக் கிளம்புற நேரத்துலயெல்லாம் ஒரு ரயில் வந்துச்சு.

சவரிமுத்து கீமேன். தண்டவாளத்தோட நடந்து ஆணி தளந்திருக்கான்னு சுத்தியலால தட்டிப் பாக்கிற வேலை. எனக்கு ஒரே சேக்காளி, ஒரே விரோதி. சின்ன ஊரு, ரெண்டுக்கும் ஆள் தனித்தனியாக் கிடைக்கல. பொண்டாட்டி ரோசலி, ஆறு பிள்ளைங்க, ஒரு மொட்டைத் தலை.

டீக்கடை பவளத்தோடது.

பனி 57. மொட்டு இல்ல.

மார்ச் 9

இப்ப பூ விஷயம். இந்த மலையில, பனிக்குள்ளயே முளைக்கிற பூ ஏழு தினுசு இருக்கு. எல்லாத்துக்கும் சேத்து ஹெல்வாண்டான்னு பேராம். "ஒரே வயித்துப் பிள்ளைங்க மாதிரி தாத்தா. உலகத்துல வேற எங்கயும் கிடையாது"ன்னா தாமரை. நாங்க ஹெல்வாண்டான்னு சொல்றதில்ல. ஏழுல ஆறுக்கு ஊர்ப் பேரு இருக்கு.

முதல்ல வர்றது சளிமூக்கி. வெள்ளைப் பூ, தலையத் தொங்கப் போட்டிருக்கும், நுனியில எப்பவும் ஒரு சொட்டுத் தண்ணி. பாத்தாலே கைக்குட்டை குடுக்கத் தோணும். அடுத்து குல்லாக்காரி, ரோமக் குல்லா போட்ட மாதிரி பழுப்பா இருக்கும். குடிகாரன் ஒரு பக்கமாச் சாஞ்சுதான் நிக்கும், கிட்டப் போனா புளிச்ச மாவு வாசம். மாமியாமூஞ்சி, நம்மளப் பாத்தா திரும்பிக்கும். (சூரியனப் பாத்தும் திரும்பிக்குது, அதனால குத்தம் நம்மமேல இல்ல.) அப்புறம் நீலக்காது, எறும்புக்கொடை. ஏழாவதுக்கு ஊர்ப் பேரே கிடையாது. அது இதழெல்லாம் கொட்டிட்டு வழவழன்னு உருண்டையா நிக்கும். அதுக்கு என்ன பேருன்னு தாமரை கேட்டா. "சவரிமுத்து"ன்னேன். அவளும் எழுதிக்கிட்டா.

இதுல அதிசயம் சளிமூக்கிதான். அதுக்குக் காய்ச்சல் வரும். நிசமா. மொட்டு விரியறதுக்கு முன்னாடி உடம்பு சுட்டு, சுத்தி ஒரு தட்டு அகலத்துக்குப் பனிய உருக்கிப்புடும். வெரல வச்சா வெதுவெதுன்னு இருக்கும். தாமரைக்கு இது புத்தகத்துல தெரியுமாம். வெரல வச்சதில்ல.

"தாமரைன்னு பேரு வச்சிருக்கியே, தாமரையப் பாத்திருக்கியா?"ன்னேன்.

"படத்துலதான் தாத்தா."

"அப்ப நீயும் படத்துலதான் தாமரை."

சிரிச்சா. நல்ல பிள்ள. காதெல்லாம் செவந்து போய் ரெண்டு கம்பளி சுத்திக்கிட்டு நிக்கிறா.

மார்ச் 11

பவளம் கடையில சவரி வம்புக்கு இழுத்தான். நான் நோட்டும் கையுமா உக்காந்திருந்தேன்.

"ஏலே கொம்பா, என்னலே பரிட்சையா?"

"ஆமாலே. உன்னையப் பத்தி ஒரு பாடம் இருக்கு. பேரு முட்டாள்."

"பவளம், இவனுக்கு டீய எதுல குடுக்க? டம்ளர்லயா, மைக்கூட்டுலயா?"

பாதி நேரம் பவளம் பேசமாட்டா. அடுப்பப் பாத்துக்கிட்டே ரெண்டு பேருக்கும் இஞ்சி டீ வச்சா. எனக்கு வச்சதுல இஞ்சி கொஞ்சம் கூட. கையத் தவறிப் போட்டிருப்பா.

மார்ச் 15

தாமரைக்கு இன்னைக்குப் புதையல் கிடைச்ச மாதிரி. என்கிட்ட இருந்த கேட்டு ரிஜிஸ்டர்களத் தூக்கிட்டுப் போயிருக்கா.

பெரிய ஆளுங்களுக்காக வழக்கத்தச் சொல்றேன். இங்க சளிமூக்கி பூத்தாத்தான் குளிர்காலம் முடிஞ்சதுன்னு கணக்கு. முதல் பூவக் கண்டவன் ஓடிவந்து டீக்கடையில சொல்லணும். சொன்னா கேட்டு மணிய அடிப்பாங்க. ஊரே குளிருக்குப் போட்ட ரெட்டை ஜன்னலக் கழட்டும். டீக்கடைக்காரங்க பார்லிப் பாயாசம் கிண்டணும், பீட்டு வெல்லம் போட்டு. முதல் கிண்ணம் சேதி கொண்டாந்தவனுக்கு, அதுவும் கடைக்காரங்க கையாலயே. அந்தத் தேதிய ரயில் ரிஜிஸ்டர் ஓரத்துல குறிச்சு வைக்கிறது நான். ரிட்டயர் ஆனப்புறமும் விடல. முப்பத்தொரு வருஷத் தேதி இருக்கு.

"முப்பத்தொண்ணா! தாத்தா, இந்த நாட்டுலயே இவ்வளவு நீளமான குறிப்பு யாருகிட்டயும் இல்ல, தெரியுமா?"ன்னு துள்ளினா. அப்புறம் நெத்தியச் சுருக்கினா. "நீங்க அதுக்கும் முன்னாடியே வேலையில இருந்திருக்கீங்களே. அதுக்கு முந்தின வருஷமெல்லாம் ஏன் குறிக்கல?"

"பேனா இல்ல"ன்னேன்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடிதான் பவளம் இந்தக் கடைய எடுத்தா. புருஷன் பிளாட்பாரத்துல மூட்டை தூக்கிக்கிட்டிருந்தவரு, நெஞ்சு வலியில போயிட்டாரு. இத ஏன் எழுதுறேன்னு தெரியல. தாமரை, இந்த வரிய அடிச்சிரு.

மார்ச் 16

பனி 49. மொட்டு 3. மூக்கு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு.

மார்ச் 21

சாயந்தரம் தாமரை ஒரு தாள் கொண்டாந்து காட்டினா. கட்டம் போட்ட தாள்ல புள்ளி புள்ளியா வச்சு, நடுவுல ஒரு கோடு. சறுக்குமரம் மாதிரி இறங்குது.

"தாத்தா, முதல் வருஷம் ஏப்ரல் இருபத்திநாலு. போன வருஷம் மார்ச் இருபத்தொம்பது. முப்பத்தொரு வருஷத்துல இருபத்தாறு நாள் முன்னாடி வந்திருச்சு."

"அப்படியா?"ன்னேன்.

"ரொம்ப ஆபத்து தாத்தா. இதுக்கு மகரந்தம் சேக்கிற கம்பளிவண்டு ஏப்ரல் கடைசியிலதான் வெளிய வருது. பூ ஒரு மாசம் முன்னாடியே பூத்து வாடிட்டா விதையே பிடிக்காது. இன்னும் பத்து வருஷத்துல சளிமூக்கியே இருக்காது. நான் தலைநகரத்துல ஆராய்ச்சிக் கமிட்டிக்குக் காயிதம் எழுதிட்டேன். ஏப்ரல் முப்பதாம் தேதி கூடுறாங்க."

"கூடி?"

"கிழங்கோட தோண்டி எடுத்துட்டுப் போய் தலைநகரத்துல கண்ணாடி வீட்டுல வச்சுக் காப்பாத்துவாங்க. இந்த மலையில இருக்கிற எல்லாத்தையும். கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா வேற வழியில்ல."

அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. நாலு வருஷப் படிப்பு இந்தக் கோட்டுமேல நிக்குதாம். நான் அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். எவ்வளவு அழகா, ஒழுங்கா இறங்குது. வருஷத்துக்கு ஒரு நாள், சில வருஷம் ரெண்டு நாள், எப்பவாவது அதே நாள்.

பூ அப்படி இறங்குமா? போட்டி போடுறவன்தான் அப்படி இறங்குவான்.

மார்ச் 22

பனி 41. வேற எதுவும் எழுதல.

மார்ச் 23

எழுதிட்டு கிழிச்சுப்புடலாம்னு எழுதுறேன்.

முதல் வருஷம் நிசம். ஏப்ரல் இருபத்திநாலு, நானே பாத்தேன், பூவப் பறிச்சுட்டு வந்து கடையில குடுத்தேன், பாயாசம் சாப்பிட்டேன். ரெண்டாவது வருஷம் சவரி இருபத்திரெண்டாந்தேதியே வந்து "பூத்துருச்சு"ன்னு கத்தினான். முதல் கிண்ணம் அவனுக்கு. நான் ரெண்டாவது கிண்ணம் வாங்கிக்கிட்டு ஓரமா நின்னேன். கேவலமா இருந்துச்சு. பாயாசத்துக்காகத்தான். வேற எதுக்கு.

மூணாவது வருஷம் ஒரு உபாயம் பண்ணினேன். கடையில டீய டம்ளரோட வாங்கிட்டு மலைக்குப் போனேன். மொட்டுப் பக்கத்துல சுடச்சுட டம்ளர வச்சேன், ரெண்டுக்கும் சேத்து என் ரோமக் குல்லாவக் கவுத்தேன். ஒரு மணி நேரம். சளிமூக்கி, வசந்தம் வந்துருச்சுன்னு நினைச்சு மூக்கத் திறந்துருச்சு. தேதி ஏப்ரல் இருபது.

பூத்துச்சா இல்லையா? பூத்துச்சு. நான் பொய் சொல்லல. கொஞ்சம் அவசரப்படுத்தினேன்.

அடுத்த வருஷம் சவரி பத்தொம்பதுக்கே வந்தான். அவன் வெந்நீர்ப் பைய வச்சிருக்கான்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரோசலி இடுப்பு வலிக்கு வச்சிருந்த பை. அப்புறம் நான் பதினெட்டு. அவன் பதினேழு. இப்படியே முப்பது வருஷம்.

அதத்தான் அந்தப் பிள்ள உலகம் சூடாகுதுன்னு கோடு போட்டு வச்சிருக்கா. சூடானது உலகமில்ல, டம்ளரு.

கிழிக்கல. தாள் வீணாப் போகும்.

மார்ச் 24

சவரி வீட்டுக்குப் போனேன். ரோசலி தண்ணி எடுக்கப் போற நேரமாப் பாத்து விஷயத்தச் சொன்னேன்.

"சவரி, பூவையெல்லாம் தோண்டிட்டுப் போகப் போறாங்கலே. நாம சொல்லிருவோம்."

"என்னத்தச் சொல்ல?"

"பை. டம்ளரு."

"எந்தப் பை?"

"ஏலே!"

"நான் கீமேன். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு ஆணி தப்ப விட்டதில்ல. இப்பப் போய் ஒரு பூவுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுத்தேன்னு ஊர்ல சொன்னா என் மருமகனுங்க என்னைய மதிப்பானுங்களா?"

"இப்ப மதிக்கிறானுங்களா?"

கதவச் சாத்திட்டான். சாத்தினப்புறம் உள்ளேருந்து, "நீ சொன்னா பவளம் உனக்கு இனிமே டீ தருவாளாலே? அத யோசி"ன்னான்.

யோசிச்சேன். முப்பது பாயாசத்துல பாதிக்கு மேல நான் தின்னது. அத்தனையும் அவ நின்னு கிண்டினது. பார்லிப் பாயாசம்னா மூணு மணி நேரம் கைய எடுக்காமக் கிண்டணும்.

மார்ச் 26

பனி 33. மொட்டு 19. எல்லாம் இறுக்கி மூடிக்கிட்டு நிக்குது, பல்லக் கடிச்சுக்கிட்டிருக்கிற பிள்ள மாதிரி.

கடைக்குப் போனேன். டீயக் குடிச்சுட்டு டம்ளரத் திருப்பி வச்சேன். பவளம் டம்ளரப் பாத்தா, என்னையப் பாத்தா.

"என்ன கேட்டுக்காரரே, இந்த வருஷம் கையில எடுத்துட்டுப் போகலையா?"

"எதை?"

"டீய."

"நடக்கும்போது குடிச்சா விக்குது"ன்னேன்.

"வயசாயிருச்சு"ன்னு சொல்லிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா. தோள்பட்டை ஆடுச்சு. இருமினாளா என்னன்னு தெரியல.

மார்ச் 28

சவரி வந்துட்டான்.

மத்தியானம் மலையிலேருந்து ஓடிவந்து, வழியில ரெண்டு தடவை விழுந்து எந்திரிச்சு, கடை வாசல்ல நின்னு "பூத்துருச்சு!"ன்னு கத்தினான். கம்பளிக் கோட்டுக்குள்ள வயித்துப் பக்கம் ஏதோ பொம்முன்னு இருந்துச்சு. மணிய அடிச்சாங்க. சனம் கூடிருச்சு. பவளம் பெரிய சட்டிய அடுப்புல ஏத்தினா. தாமரை ஓடியாந்தா, மூச்சு வாங்க. அவளோட நோட்டத் திறந்து "மார்ச் இருபத்தெட்டு. இன்னும் ஒரு நாள் முன்னாடி"ன்னு எழுதினா. "கமிட்டி கண்டிப்பா ஒத்துக்கும். தோண்டித்தான் ஆகணும்"னா.

நான் மூலையில உக்காந்திருந்தேன். எப்ப எந்திரிச்சேன்னு எனக்கே தெரியல.

"அந்தத் தேதிய அடி, தாமரை."

"ஏன் தாத்தா?"

"அது பூ பூத்த தேதியில்ல. சவரி கோட்டத் திறந்து பாரு."

சவரி ரெண்டு கையாலயும் வயித்தப் பிடிச்சுக்கிட்டான். "எனக்கு வயித்து வலி!"

"வயித்து வலிக்கு மலைக்கா போன?"ன்னு ரோசலி முன்னாடி வந்தா. ஒரே இழுப்பு. வெந்நீர்ப் பை தரையில விழுந்து வாத்து மாதிரி நடந்துச்சு. "இதத்தானே ஒரு வாரமாத் தேடுறேன்! நாசமாப் போற மனுசா, என் இடுப்பு வலிய விட பூவுக்கு என்ன வலி?"

"இவன் மட்டும் யோக்கியனா?" சவரி என்னையக் காட்டினான். "இவன் டம்ளரு! டீ டம்ளரு! இவன்தான் ஆரம்பிச்சான்!"

"ரெண்டாவது வருஷம் ஆரம்பிச்சது யாரு?"

"நான் அன்னைக்குக் கண்ணுல தூசி விழுந்து வெள்ளையாத் தெரிஞ்சுதுன்னு..."

கடை முழுக்கச் சிரிப்பு. சிரிக்காதவங்க மூணு பேரு. நான், தாமரை, பவளம். நான் எல்லாத்தையும் சொன்னேன். குல்லா, டம்ளரு, முப்பது வருஷம். தாமரை அந்தக் கட்டம் போட்ட தாள எடுத்து நாலா மடிச்சா, எட்டா மடிச்சா, கோட்டுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு வெளிய போயிட்டா.

பவளம் கரண்டிய நிறுத்தவே இல்ல.

"பவளம்..."ன்னேன்.

"தள்ளுங்க, அடிப்பிடிக்குது."

முதல் கிண்ணத்த யாருக்கும் குடுக்கல. கொண்டுபோய் வெளிய வாசல் படியில வச்சா. காக்கா தின்னுச்சு.

மார்ச் 29

தாமரை நோட்டு வாங்க வரல. பனி 30. இத யாருக்கு எழுதுறேன்?

மார்ச் 30

டீக்கடைக்குப் போகல. வீட்டுலயே டீ போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டும் அந்த மாதிரி இல்ல. வெந்நீர்ல விழுந்த இஞ்சி மாதிரிதான் இருந்துச்சு.

சவரி ஜன்னலத் தட்டி, "ரோசலி என்னைய மாட்டுக்கொட்டாய்ல படுக்கச் சொல்லிட்டா. உன்கிட்ட ஒரு கம்பளி இருக்குமாலே?"ன்னான். குடுத்தேன். ரெண்டு பேரும் உக்காந்து அந்த டீயக் குடிச்சோம். "கண்றாவியா இருக்கு"ன்னான். முப்பது வருஷத்துல அவன் சொன்ன முதல் நிசம்.

ஏப்ரல் 1

பவளம் ஆள் அனுப்பினா. நானும் தாமரையும் வரணும்னு.

போனேன். தாமரை முன்னாடியே உக்காந்திருந்தா, என்னையப் பாக்காம. கடையில வேற ஆள் இல்ல. பவளம் உள்ள போய் ஒரு பிஸ்கட் டின் கொண்டாந்தா. மூடி துருப்பிடிச்சு வரல. நான் திறக்கப் போனேன். "நீங்க சும்மா இருங்க"ன்னு கத்தியால நெம்பித் திறந்தா.

உள்ள காலண்டர் தாள். தலைநகரத் தமிழ்ச் சங்கம் வருஷா வருஷம் போடுதே தினசரி காலண்டர், ராகுகாலம், ராசிபலன் எல்லாம் போட்டது, அதுல கிழிச்ச தாளுங்க. ஒவ்வொண்ணும் ரெண்டா மடிச்சிருக்கு. தாமரை ஒண்ணப் பிரிச்சா. உள்ள ஒரு சளிமூக்கி, காஞ்சு, தட்டையா, பழுப்பு வெள்ளையில.

"என் அடுப்படி ஜன்னலுக்கு நேரா, பழைய தண்ணித் தொட்டி அடியில ஒரு கொத்து நிக்குது"ன்னு பவளம் தாமரைகிட்ட சொன்னா. "இவங்க ரெண்டு பேரும் மலைமேல கூத்தடிச்சதுல அத யாரும் பாக்கல. அதுல முதல் பூ எந்த நாள் விரியுதோ அந்த நாள் தாளக் கிழிச்சு அதுலயே வச்சிருவேன். தேதி தாள்லயே இருக்கு. எனக்கு எழுத வராது."

தாமரை ஒவ்வொரு தாளாப் பிரிச்சா. ஏப்ரல் 24, ஏப்ரல் 26, 25, 23...

"அப்ப உனக்குத் தெரியுமா?"ன்னேன் நான்.

"என்னது?"

"நான் சொன்னதெல்லாம்..."

"மூணாவது வருஷத்துலேருந்தே தெரியும். நீங்க ஆதாரம்னு ஒரு பூவக் கொண்டாந்து நீட்டினீங்க. மோந்து பாத்தேன். இஞ்சி வாசம். என் கடை இஞ்சி எனக்குத் தெரியாதா?" அப்புறம் விரல மடக்கி, "பதினாலு டம்ளர் இன்னும் மலையிலதான் கிடக்கு. பனி உருகினதும் போய்ப் பொறுக்கிட்டு வாங்க"ன்னா.

"தெரிஞ்சும் ஏன் பாயாசம் கிண்டின?"

பவளம் டம்ளரக் கழுவப் போயிட்டா. அவதான் பாதி நேரம் பேசமாட்டாளே.

ஏப்ரல் 3

தாமரை புதுத் தாள் போட்டுட்டா. புள்ளியெல்லாம் ஆடு மேஞ்ச மாதிரி மேலயும் கீழயும் கிடக்கு. "இதுதான் தாத்தா நிசமான பூ. பழைய கோடு அவ்வளவு ஒழுங்கா இருந்தப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்"னு தலையில தட்டிக்கிட்டா. நடுவுல கோடு கொஞ்சம்தான் இறங்குது. முப்பத்தொரு வருஷத்துல ஆறு நாள். வண்டும் அந்த அளவுக்கு முன்னாடி வருதுன்னு அவகிட்ட வேற கணக்கு இருக்காம். தோண்ட வேணாம், இங்கயே காவல் வச்சாப் போதும்னு கமிட்டிக்கு மறுபடி எழுதிட்டா. முதல் காயிதத்துல தப்பு யாரோடதுன்னு அதுல எழுதலையாம்.

"எழுதியிருக்கலாமே"ன்னேன்.

"எழுதினா படிக்கிறவங்க சிரிப்பாங்க. என் ஆராய்ச்சிய யாரும் சிரிச்சுக்கிட்டே படிக்கக்கூடாது."

அப்புறம் ஒண்ணு கேட்டா. "தாத்தா, முப்பத்தொரு தாள் இருக்கணும். இருபத்தொம்பதுதான் இருக்கு. ரெண்டு வருஷம் இல்ல."

"கிழிஞ்சிருக்கும். எலி கடிச்சிருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ரிஜிஸ்டர எடுத்துப் பாத்தேன். அந்த ரெண்டு வருஷமும் ரிஜிஸ்டர்ல சவரித் தாத்தா கையெழுத்து. நீங்க எங்க போயிருந்தீங்க?"

ஒரு வருஷம் என்னையப் பன்னெண்டாங்கேட்டுக்கு மாத்தியிருந்தாங்க. இன்னொரு வருஷம் கால் ஒடிஞ்சு தலைநகரத்துல ஆஸ்பத்திரி.

"அந்த ரெண்டு வருஷமும் பூ பூத்திருக்கும்ல தாத்தா?"

"பூத்திருக்கும்."

"அப்ப ஏன் எடுத்து வைக்கல?"

"அவளுக்கு வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும்"ன்னேன். தாமரை என்னையே பாத்துக்கிட்டிருந்தா. படிச்ச பிள்ளைங்களுக்குச் சில சமயம் மரியாதை தெரியமாட்டேங்குது.

ஏப்ரல் 9

பனி 17. மொட்டு 40க்கு மேல, எண்ணல. டம்ளர் ஒண்ணு கிடைச்சது.

சவரிய ரோசலி வீட்டுக்குள்ள விட்டுட்டா. தாமரை அவனோட பூவப் பத்திச் சொல்லிட்டா போல, ஏழாவது தினுசு. ஓடிவந்தான். "கமிட்டிக்காரனெல்லாம் என் பேரச் சொல்லிக் கூப்பிடுவானாலே பூவ?"ன்னு ஒரே பெருமை. வழுக்கையப் பாத்துதான் வச்சேன்னு நான் சொல்லல. சேக்காளியாச்சே.

ஏப்ரல் 15

தினமும் போய் உக்காந்திருக்கேன். கையில டம்ளர் இல்ல, குல்லா தலைமேலயே இருக்கு. ஒரு மொட்டுப் பக்கத்துல வெரல வச்சுப் பாத்தேன். வெதுவெதுப்பு ஆரம்பிச்சிருக்கு. சுத்தி ஒரு காசு அகலத்துக்குப் பனி உருகியிருக்கு. இதப் பாத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. காய்ச்சல் வரதுக்குள்ள நானே சூடு போட்டுருவேனே.

நிசமாப் பூக்கிறத முதல் வருஷத்துக்கப்புறம் இந்த வருஷம்தான் பாக்கப் போறேன். பாத்ததும் நேரா கடைக்குப் போய்ச் சொல்லணும். என்ன சொல்லணும்னு நாலஞ்சு விதமாச் சொல்லிப் பாத்தேன். எல்லாம் பொய் மாதிரியே இருக்கு.

ஏப்ரல் 18

மலைக்குக் கிளம்ப பூட்ஸ் மாட்டிக்கிட்டிருந்தேன், காலையில. என் வாசலுக்கு எதிர்ல இருக்கிற கேட்டு மணி அடிச்சுது.

சவரிதான்னு நினைச்சேன். வேற யாரு? திட்டுறதுக்கு நாலு வார்த்தை தயார் பண்ணிக்கிட்டு கதவத் திறந்தா, மணிக்கயிறு பவளம் கையில. செருப்பு மட்டும் போட்டுக்கிட்டு, தலையில முக்காடு, பனியில நடந்து வந்திருக்கா. முப்பத்தொரு வருஷத்துல அவ என் வீட்டு வாசலுக்கு வந்ததில்ல. உள்ளங்கையில ஒரு சளிமூக்கி. நுனியில சொட்டுத் தண்ணி அப்படியே இருக்கு.

"தொட்டியடியில பூத்துருச்சு கேட்டுக்காரரே. முதல்ல கண்டது நான். சேதி சொல்ல வந்தேன்."

சனமெல்லாம் ஜன்னலத் திறந்து பாக்குது. சவரி அவன் வாசல்ல நின்னு பல்லக் காட்டுறான்.

"சரி... கடைக்குப் போவோம்"ன்னேன்.

"கடைக்கு எதுக்கு? சேதி உங்களுக்குத்தான் சொன்னேன். வழக்கம் தெரியுமில்ல? சேதி கேட்டவங்கதான் கிண்டணும்." என் வீட்டு முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. "முப்பது பொய்க்கு நான் நின்னு கிண்டினேன். ஒரு நிசத்துக்கு நீங்க கிண்டுங்க."

ஏப்ரல் 19

வலது தோள் தூக்க முடியல. இடது கையால எழுதுறேன்.

மூணு மணி நேரம் இல்ல, நாலரை மணி நேரம். பார்லிய ஊற வைக்கணும்னு எனக்கு யாரு சொன்னா? வெல்லத்த முதல்லயே போட்டுட்டேன். அவ முக்காலியில உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு ஒண்ணும் சொல்லல. அடிப்பிடிச்சப்போ மட்டும் "அடிப்பிடிக்குது"ன்னா. பிடிச்சு முடிச்சப்புறம் சொன்னா. சவரி ஜன்னலுக்கு வெளிய நின்னு, "கைய எடுக்காதலே! சுத்து, சுத்து!"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்தினான்.

முதல் கிண்ணம் என் கையால குடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டா. ரொம்ப நேரம் மென்னா.

"எப்படி இருக்கு?"ன்னேன்.

"நல்லாருக்கு"ன்னா.

பொய். நானும் சாப்பிட்டுப் பாத்தேனே. ஆனா ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினா.

ஏப்ரல் 22

தாமரை இன்னைக்கு ரயிலுக்குக் கிளம்புறா. நோட்டக் குடுக்கணும்.

பெரிய ஆளுங்களே, பனி 4. குளிர் மைனஸ் 1. மொட்டுன்னு ஒண்ணும் பாக்கியில்ல, எல்லாம் பூத்துருச்சு. தேதிக்கு பவளம் தாளத்தான் நம்பணும், என் ரிஜிஸ்டர அடுப்புல போடலாம். இல்ல, போட வேணாம், அதுல ரயில் நேரமெல்லாம் நிசம்.

டம்ளர் பதிமூணு கிடைச்சது. ஒண்ணு இன்னும் மலையில எங்கயோ கிடக்கு. அவசரமாத் தேடப் போறதில்ல. தினம் சாயந்தரம் பவளமும் கூட வர்றா, தேட.

தாமரை, நீ கேப்ப, இந்த வருஷத் தாள் எங்கன்னு. ஏப்ரல் பதினெட்டாந்தேதித் தாளும் பூவும் டின்னுல இருக்காது. அது என் காலண்டர்ல கிழிச்சது, என்கிட்ட இருக்கு, தரமாட்டேன். தேதிய மட்டும் எழுதிக்க. அதுல என் ராசிக்கு என்ன பலன் போட்டிருந்துச்சுன்னு வேணா சொல்றேன்.

"தாமதம்."

காலண்டர்காரனுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு.